பூமிக்குள் நிற்கும் தூண்கள்

செட்டியார்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய குமாரர் சென்னையில், பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், எட்டாவது மாடியில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டியிருக்கிறாராம். கட்டடம் இன்னும் தரைக்கு மேலே தலை காட்டவில்லை. பூமியைத் துளைத்துக் கான்கிரீட் தூண்கள் இறக்கும் வேலைதான் நடக்கிறது. "பைல்" என்று அவற்றுக்குப் பெயர். அம்மையார் போயிருந்த தினத்தில், ஒரு பைலின் தலைமேல் இரும்பு உத்தரங்களைப் பரப்பி, அதன்மேல் மணல் மூட்டைகளை மலைபோல் குவித்து வைத்திருந்தார்களாம். என்ன விஷயம் என்று கேட்டதற்கு அங்கிருந்த இஞ்ஜினீயர், "ஒவ்வொரு பைலும் 60 டன் தாங்கும், அம்மா! அதைத்தான் பரீட்சை செய்கிறோம்" என்றாராம்.

"மொத்தம் 200 பைல்கள், மூட்டை ஏற்றிப் பார்ப்பதோ இரண்டு மூன்றுக்குத்தான். மற்றவை தாங்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி? மண்ணுக்குள்ளே இருப்பதைக் கண்ணால் பாராமல் 60 டன் என்று எப்படிச் சொல்கிறார்கள்? எங்கள் பக்கத்தில் கரிசல் நிலத்தில் மாடியில்லாத வீடு கட்டினாலே சுவர் வெடித்துப் போகிறதே!" என்று கேட்கிறார் சகோதரி.

ஆயுட்காலச் சேமிப்பை மண்ணுக்குள் போடுகிறவர்கள் எல்லோருமே கேட்கவேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் கேட்பதில்லை. சமையலறை மேடைக்கு எந்தக் கல் பதிக்கிறார்கள் என்பதை நாலு முறை விசாரிப்பார்கள். பூமிக்குள் போவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். நம் கொத்தனார்கள் அஸ்திவாரக் குழி வெட்டுவதற்கு "வானம் தோண்டுதல்" என்று பெயர் வைத்திருப்பதும் ஒரு வேடிக்கைதான். வானத்தை எப்படி நாம் தோண்டிப் பார்த்ததில்லையோ, அப்படியே இந்த வானத்தையும் விட்டுவிடுகிறோம் போலிருக்கிறது!

முதலில் பாரத்தின் கணக்கைப் பார்ப்போம். கான்கிரீட் சட்டமிட்டுக் கட்டும் மாடி வீட்டில் தளம், சுவர், சாமான், மனிதர் எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 15 அடிக்கு 15 அடி பரப்பை ஒரு தூண் தாங்குகிறதென்றால், மாடி ஒன்றுக்கு இருபத்திரண்டரை டன். பதினான்கு மாடிக்கு 315 டன். இவ்வளவும் ஒன்றரை அடி சதுரமுள்ள ஒரு தூணின் வழியே கீழே இறங்கி வருகிறது. பைல் ஒன்று 60 டன் தாங்குமானால், அந்தத் தூணுக்குக் கீழே ஆறு பைல்கள் வேண்டும். அவற்றின் தலைகளையெல்லாம் ஒரு கனத்த கான்கிரீட் தொப்பியால் இணைத்து, அந்தத் தொப்பியின்மேல் தூணை நிறுத்துவார்கள்.

"எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பைல் இல்லாமலே நிற்கிறதே" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதினொரு நிலைகளோடு சுமார் 192 அடி உயரம் நிற்கும் கோபுரம் அது. அரசாங்க முத்திரையில் காணப்படுவது எங்கள் ஊர்க் கோபுரமே என்று அந்தப் பக்கத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. 1959-ல் சென்னை மௌண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம் பதினான்கு மாடியாக எழும்பியபோது பட்டணமே அண்ணாந்து பார்த்தது. அதன் உயரம் சுமார் 177 அடிதான். ஆனால் கோபுரத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகிப் பாரம் குறைகிறது. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். இத்தகைய வேலை சாவகாசமாக நடந்ததால், பாரம் ஏற ஏற மண்ணும் சிறுகச் சிறுக இறுகிக்கொள்ள அவகாசம் இருந்தது. இன்றைய கட்டடமோ பத்து நாளைக்கு ஒரு தளம் என்று எழும்புகிறது. பாரமும் ஒல்லியான தூண்களின் வழியே ஊசிமுனைபோல் இறங்குகிறது.

அது தவிர, நெடுங்காலம் நின்றதையே உறுதிக்கு அத்தாட்சியாகக் கொள்வதும் சரியல்ல. 1516-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய காளஹஸ்தி ராஜகோபுரம் 494 வருஷங்கள் நின்றது. 2010 மே 26-ந் தேதி இரவு சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு ஜனங்களை முன்கூட்டியே விலக்கி வைத்திருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

இனி, பைல் பாரத்தை எப்படித் தாங்குகிறது என்று பார்ப்போம். இதற்கு இஞ்ஜினீயரிங் கல்லூரிக்குப் போகவேண்டியதில்லை. மாட்டுத்தொழுவத்துக்குப் போனால் போதும். கட்டுத்தறியைப் பிடுங்கிப் பாருங்கள். மண் அதன் பக்கங்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இது பக்க உராய்வு. அதே தறியைச் சம்மட்டியால் அடித்து இன்னும் கீழே இறக்கிப் பாருங்கள். பக்கப் பிடிப்போடு, நுனிக்குக் கீழேயுள்ள மண்ணும் எதிர்த்து நிற்கிறது. இது அடித்தாங்கல். பைலின் பலம் இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான். கான்கிரீட் உடையுமோ என்ற பயம் அநேகமாக அவசியமில்லை. கான்கிரீட் சமாளித்துக்கொள்ளும், கைவிடுவதானால் மண்தான் கைவிடும்.

பாறை கிட்டத்தில் இருக்கும் இடங்களில் அடித்தாங்கலே பிரதானம். பாறை எட்டாத ஆழத்தில் இருந்தால் உராய்வை நம்பவேண்டியதுதான். கோலாலம்பூரில் நம்மவர் பல்லாயிரவர் அன்றாடம் அண்ணாந்து பார்க்கும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர் உயரமுள்ளது, 1998-ல் முடிந்தது. அங்கே முதலில் குறித்த இடத்தில் அடியிலிருந்த சுண்ணாம்புக் கல் ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் அதல பாதாளத்திலுமாக இருந்தது. பாதிக் கோபுரம் பாறைமேலும் பாதி மண்மேலும் நின்றால் சாயாமல் என்ன செய்யும்? ஆகவே கோபுரங்களையே சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்துவிட்டார்கள். பிறகு 60 மீட்டர் முதல் 115 மீட்டர் வரை ஆழமுள்ள செவ்வகத் தூண்களை இறக்கினார்கள். அவை பாறையைத் தொடவில்லை. அத்தனை பெரிய கோபுரங்களும் மண்ணின் பிடிப்பிலேதான் நிற்கின்றன.

அந்தப் பிடிப்பை எண்ணாக்கிச் சொல்வது எப்படி என்பதில்தான் நூறு வருஷத்துக்கு மேலாக வாக்குவாதம். 1888-ல் அமெரிக்காவில் வெல்லிங்டன் என்ற இஞ்ஜினீயர், தாம் ஆசிரியராயிருந்த பத்திரிகையில் ஒரு சுலபமான சூத்திரம் வெளியிட்டார். மரத்தூணைச் சம்மட்டியால் அடித்து இறக்கும்போது, கடைசி அடிகளில் அது எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பார். அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள். சம்மட்டியின் எடையை அது விழும் அடிக்கணக்கால் பெருக்கி, இரட்டித்து, முன்சொன்ன தொகையால் வகு. வருவதே பயமின்றி ஏற்றக்கூடிய பாரம். ஒரு டன் சம்மட்டி 10 அடி உயரத்திலிருந்து விழுந்து, அடிக்கு ஓர் அங்குலம் தூண் இறங்கினால், 10 டன். ஆறு பங்கு பலத்தில் ஒரு பங்கையே கணக்கில் எடுத்துக்கொள்வதாக அவர் எண்ணம். சூத்திரம் மனப்பாடம் செய்ய எளிதாயிருந்ததால் உலகமெல்லாம் பரவிவிட்டது.

ஆனால் சம்மட்டியடி வேறு; வருஷக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும் பாரம் வேறு. களிமண்ணில் பைல் அடிக்கும்போது மண் குழம்பி வழிவிடுகிறது. சாயங்காலம் வேலையை நிறுத்திவிட்டு மறுநாள் காலை வந்து அடித்தால் அசைய மறுக்கிறது! ராத்திரிக்குள் மண் மறுபடி இறுகிக்கொண்டுவிடுகிறது. இரண்டில் எந்தக் கணக்கை நம்புவது? 1925-ல் வியன்னாவில் கார்ல் டெர்ஸாகி மண்ணின் இயல்பைப் பற்றிய தமது நூலை வெளியிட்ட பிறகுதான் இவ்விஷயத்தில் சாஸ்திரீயமான விசாரணை ஆரம்பமாயிற்று. மேலும், சென்னையில் இப்பொழுது பெரும்பாலும் பைல்களை அடித்து இறக்குவதில்லை. துளை போட்டு, இரும்புக் கம்பிக் கூட்டை இறக்கி, கான்கிரீட்டால் நிரப்புகிறார்கள். சம்மட்டியே இல்லாத இடத்தில் சம்மட்டிச் சூத்திரத்துக்கு ஏது வேலை?

ஆகவே முதலில் செய்வது மண் பரீட்சை. நிலத்தில் குறுகிய துளையிட்டு, அதற்குள் ஒரு குழாயை வைத்து, அறுபத்து மூன்றரைக் கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து அதன் தலையில் போடுவார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். நாலு அடிக்குள் இறங்கினால் வெறும் களிக்கூழோ புழுதி மணலோதான். 50 அடிக்கு மேல் கேட்டால் கெட்டி மண். இப்படி அடுக்கடுக்காக ஆழம்வரை எண்ணிக்கொண்டு போய், குழாயில் சிக்கிய மண்ணையும் சாலைக்கு அனுப்பிச் சோதித்து, இன்ன அடுக்கில் இவ்வளவு உராய்வு, அடியில் இவ்வளவு தாங்கல் என்று கணக்கிடுகிறார்கள். வந்த விடையை இரண்டரையால் வகுத்தால் கிடைப்பதே பத்திரமான பாரம். 150 டன்னில் மண் தோற்கும் என்றால் 60 டன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை. சகோதரியிடம் இஞ்ஜினீயர் சொன்ன 60 இந்த வழியில் பிறந்ததாகவே இருக்கவேண்டும்.

இருந்தாலும் இது அனுமானம்தான். கணக்குக்கு ஒரு வாய்ப்பிழை உண்டு. துளையின் அடியில் ஒரு சாண் சேறு தங்கிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் அடித்தாங்கல் அப்படியே இருக்கும். பூமிக்குள்ளோ பைல் கூழின்மேல் நின்றுகொண்டிருக்கும். ஆகையினால்தான் அந்த மணல் மூட்டைகள்.

மூட்டை மலை நேராகப் பைலின்மேல் உட்கார்ந்திருப்பதில்லை. மலைக்கும் பைலுக்கும் நடுவே ஒரு ஜாக்கி இருக்கிறது. மோட்டார் வண்டிக்குச் சக்கரம் மாற்றும்போது வைக்கிறார்களே, அதன் பாட்டனார் என்று கொள்ளலாம். மூட்டைகளை முட்டுக்கொடுத்து அது பைலைக் கீழே அழுத்துகிறது. ஒரேயடியாக அழுத்துவதில்லை; படிப்படியாகப் பாரத்தை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இறக்கம் அடங்கும் வரை பொறுத்திருந்து, பைல் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதைக் கடிகாரம் போன்ற அளவுமானிகளில் படித்து எழுதிக்கொள்கிறார்கள். உராய்வு உடனே கைகொடுத்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் அசைந்தாலே அதன் பலம் வெளிப்பட ஆரம்பிக்கும். அடிமண்ணோ சாவகாசக்காரன், நன்றாக நசுங்கிய பிற்பாடுதான் முழுப் பலத்தையும் காட்டும்.

நமது தேசத்து விதி இப்படிச் சொல்கிறது. 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பைலைப் பரீட்சிப்பதாக வைத்துக்கொள்வோம். அது 12 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரை அங்குலம், இறங்கிய கட்டத்தில் பாரம் 96 டன். இதில் மூன்றில் இரண்டு பங்கு 64 டன். மேலும் அழுத்திக்கொண்டே போக, குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லிமீட்டர், இறங்கியபோது பாரம் 150 டன். இதில் பாதி 75. இரண்டில் சிறியது 64. ஆகவே 60 டன் என்று சொன்னது செல்லும்.

இதிலே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பைல் எப்போது முறியும் என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு இறங்கும் என்பதே கேள்வி. கட்டடம் முழுதும் ஒரே சீராக ஓரங்குலம் இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு மூலை நிற்க, மற்றொரு மூலை இறங்கினால் கதவு சாத்தாது, சுவர் கிழியும். "60 டன் தாங்கும்" என்பதன் சரியான அர்த்தம், 60 டன் ஏற்றினால் அது மிகமிகச் சொற்பமாகவே இறங்கும் என்பதுதான்.

200-ல் மூன்றைச் சோதித்தால் போதுமா என்ற கேள்விக்கு வருகிறோம். கட்டட வேலையின்போது, நூற்றுக்கு அரை முதல் இரண்டு வரையிலான பைல்களைத் தேர்ந்தெடுத்து, ஏற்றப்போகும் பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்க்கவேண்டும் என்பது விதி. 60 டன் பைலுக்கு 90 டன். 12 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக்கூடாது. ஆகவே 200-க்கு இரண்டு மூன்று என்பது விதிக்கு உட்பட்டதே. ஆனால் எந்த மூன்று என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நன்றாய் அமைந்தவை என்று கன்ட்ராக்டர் அறிந்த மூன்றா, அல்லது மண் பரீட்சையில் மோசமாகத் தெரிந்த மூலையிலுள்ள மூன்றா? பின்னதைத் தேர்ந்தெடுக்கிறவரே யோக்கியமான இஞ்ஜினீயர் என்பது நம் அபிப்பிராயம். மிச்சமுள்ளவற்றைச் சிறு சுத்தியால் தட்டி, உள்ளே போய்த் திரும்பும் அதிர்வைக் கருவியில் பதிவு செய்து பார்க்கலாம். சந்தையில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோமே, அதேதான். நடுவில் வெடிப்போ இடுங்கலோ இருந்தால் தெரிந்துவிடும். பானை ஓட்டையில்லை என்று சுண்டினால் தெரியும். எத்தனை படி அரிசி வேகும் என்று தெரியாது. பைல் முழுசாக இருக்கிறது என்பதற்குத்தான் இது சாட்சி, பலத்துக்கு அல்ல.

சகோதரி கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை நாமே கேட்டுவிடுகிறோம். தனியே நிற்கும் பைல் 60 டன் தாங்கினால், ஆறு பைல் 360 டன் தாங்குமா? அவசியமில்லை! அந்தக் காலத்தில் ஒரு கமலை நாளெல்லாம் இறைத்தாலும் வற்றாத கிணறு, ஒன்பது கமலை பூட்டினால் மத்தியானத்துக்குள் அடிமண் தெரிந்துவிடும். ஊற்று ஒன்றுதானே? அதுபோலவே, நெருங்கி நிற்கும் பைல்கள் எல்லாம் ஒரே மண்ணைத்தான் நம்பியிருக்கின்றன. ஆகையால் குறுக்களவைப்போல் இரண்டரை மூன்று மடங்காவது இடைவெளி விட்டு வைப்பார்கள். அப்படி வைத்தாலும், கூட்டம் முழுவதின் பாரமும் சேர்ந்து, தனிப் பைலின் பாரம் எட்டாத ஆழம் வரை போய் அழுத்துகிறது. மூட்டைப் பரீட்சை இதைக் காட்டாது.

இதற்கு உதாரணம் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்திலே இருக்கிறது. மில்லேனியம் டவர் என்ற 58 மாடிக் கட்டடம், 2009-ல் திறந்தார்கள். தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பைல்களைக் கெட்டி மணல்வரை இறக்கியிருந்தார்கள். அதற்கும் வெகு கீழேயிருந்த பாறைவரை கொண்டுபோகவில்லை. மணல் கெட்டிதான். ஆனால் மணலுக்கு அடியில் ஒரு பெரிய களிமண் அடுக்கு இருந்தது. அத்தனை பைல்களின் பாரமும் சேர்ந்து அதை வருஷக்கணக்காகப் பிழிந்தது. கட்டடம் சுமார் 16 அங்குலம் இறங்கிச் சாய்ந்தும் இருக்கிறது என்று 2016-ல் ஊரறிய வெளியாயிற்று. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியவர்களின் கதி என்னவாயிருக்கும்! பிற்பாடு பாறைவரை எட்டும் 18 புதிய பைல்களைப் பக்கத்தில் இறக்கிக் கட்டடத்தை முட்டுக்கொடுத்தார்கள். அந்த வேலை 2023-ல்தான் முடிந்தது.

ஏரியைத் தூர்த்து மேடாக்கிய நிலங்களில் இன்னொரு விபரீதமும் உண்டு. தியாகராய நகரமே 1920-களில் பழைய நெடுங்குளம் ஒன்றின்மேல் எழுந்த பேட்டை என்பது நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். புதிதாகக் கொட்டிய மண் தானாகவே இறுகித் தாழ்ந்துகொண்டிருக்கும். அப்படித் தாழும்போது பைலைப் பிடித்துக் கூடவே கீழே இழுக்கும். தாங்கவேண்டிய உராய்வே பாரமாக மாறிவிடுகிறது! ஆகவே அத்தகைய மண்ணின் பிடிப்பைப் பலத்தில் சேர்க்காமல், சுமையில் சேர்த்துக் கணக்கிடவேண்டும். சகோதரியின் குமாரர் இஞ்ஜினீயரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்: மண் பரீட்சை பைல் நுனிக்குக் கீழே எவ்வளவு ஆழம் வரை போயிற்று? பைல்களின் கூட்டம் முழுவதற்குமாக இறக்கம் எவ்வளவென்று கணக்கிட்டார்கள்? நிலம் முன்பு ஏரியாகவோ வயலாகவோ இருந்ததா? வீடு வாங்குகிறவர் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள நியாயமில்லை.

இனிச் செட்டியார்பட்டிக்கு வருவோம். ராஜபாளையத்துப் பக்கத்தில் மலையடியை நோக்கிப் போகப் போகச் செம்மண்ணும் சரளையும். கிழக்கே இறங்க இறங்கக் கரிசல். செம்மண்ணில் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கரிசலோ பருத்திக்குத் தாய், சுவருக்குச் சத்துரு. கோடையில் வறண்டு, கை நுழையும்படி பிளந்துபோகிறது. ஐப்பசி மழை விழுந்ததும் உப்பி எழுகிறது. சுவர் வெடிப்பதற்கு வீடு கீழே இறங்கியதே காரணம் என்று நாம் எண்ணுகிறோம். அநேக சமயங்களில் மண் வீட்டை மேலே தூக்கியதுதான் காரணம். மாடியில்லாத வீட்டுக்குப் பாரம் போதாது. அதனால்தான் அதை மண் இவ்வளவு எளிதாக அசைத்துவிடுகிறது.

இதற்கு மருந்து நம் தேசத்திலேயே தயாரானது. 1947-ல் ரூர்க்கியில் ஸ்தாபிதமான மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், 1950-களில் கரிசலுக்கென்றே குமிழ் வைத்த பைலை ஆராய்ந்து உருவாக்கினார்கள். கையால் திருகும் துளைக் கருவியால் 30 சென்டிமீட்டர் அகலத்தில், மூன்றரை மீட்டர் ஆழம் துளையிடுவார்கள். அந்த ஆழத்தில் வெயிலும் மழையும் மண்ணை அசைப்பதில்லை. பிறகு வேறொரு கருவியை இறக்கி, அடியருகே துளையை 75 சென்டிமீட்டருக்கு அகலமாக்கிவிட்டுக் கான்கிரீட் நிரப்புவார்கள். குறுக்களவு இரண்டரை மடங்கானால் பரப்பு ஆறேகால் மடங்கு. ஆகவே சாதாரணமான கரிசலில் இந்தச் சிறிய பைல் 16 டன் வரை தாங்கும் என்று விதிநூல் அனுமதிக்கிறது. மேலே இழுத்தாலும் 8 டன் வரை அசையாது. மண்ணுக்குள் குமிழ் நங்கூரம்போல் மாட்டிக்கொள்கிறது. உப்புகிற கரிசலை எதிர்த்து நிற்பது இந்த எட்டு டன்தான்.

பைல்களின் தலைகளைக் கான்கிரீட் உத்தரத்தால் இணைத்து, அதன்மேல் சுவர் எழுப்பவேண்டும். உத்தரத்துக்கும் தரைக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி விடுவது அவசியம். மழையில் மண் எழும்ப இடம் வேண்டுமல்லவா? வேலை முடிகிற சமயத்தில், பார்வைக்கு அழகாயிராது, பாம்பு நுழையும் என்று சொல்லிக் கொத்தனார் அந்த இடைவெளியில் மண்ணைத் திணித்துப் பூச வருவார். பாம்புக்கு வெளிப்பக்கம் மெல்லிய பலகையோ தகடோ வைத்து மறைத்துக்கொள்ளலாம். இடைவெளியை மட்டும் அடைக்க விடாதீர்கள், சகோதரி.